குதிகால் தேயாத செருப்பு

என் வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால் நான் ஊரைக் கூட்ட மாட்டேன். நேரே கடைசி அறைக்குப் போவேன். அங்கே ஜன்னலோர மேசைமேல் என் சீஸ் துருவி நிமிர்ந்து நிற்கும். அதற்குள் ஒரு குட்டி மெழுகுவத்தி எரியும். எதிரே கேமராவுக்குப் பின்னால் என் கணவன் அன்செல்மோ குனிந்து கிடப்பான். "மெதுவா பேசு எர்மினியா, இது பத்து மாடி வீடு, ஆளுங்க தூங்கறாங்க" என்பான். எட்டிப் பார்த்தால் சத்தியமாக அது மாடி வீடுதான். துருவியின் ஓட்டை ஒவ்வொன்றும் விளக்கெரிகிற ஜன்னல். நான் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பி, சீஸைக் கத்தியால் சீவிப் போட்டுச் சமைப்பேன்.

இருபத்தாறு வருஷமாக இதே கூத்து. மாட்ரிடில் லவாபியெஸ் பக்கம் எங்கள் வீடு இரண்டாம் மாடி. அதே கட்டடத்தின் கீழே என் பட்டன் கடை. நூல், ஊசி, நாடா, ஜிப் எல்லாம் உண்டு. கடையில் நான் சம்பாதிப்பேன், மேலே அவன் படம் எடுப்பான். வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. வருகிறவர்கள் படத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். நான் மட்டும், "அட, இது நம்ம வடிகட்டி" என்பேன்.

அவனுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. மனிதர்களைப் படம் எடுக்க மாட்டான், சாமான்களைத்தான் எடுப்பான். இருட்டறையில் வெட்டு, ஒட்டு, பித்தலாட்டம் எதுவும் கூடாது. மேசைமேல் என்ன நிற்கிறதோ அதுதான் படத்தில் இருக்க வேண்டும். காலை வெளிச்சமோ மெழுகுவத்தியோதான் ஆகும், மின்விளக்கு ஆகாது. படம் முடிந்த மறுநிமிஷம் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிடுவான். அந்த ஒரு நல்ல குணத்துக்காகத்தான் நான் இன்னும் அவனோடு குப்பை கொட்டுகிறேன்.

அக்டோபர் மாதம் முதல் வாரத்தில் ஒரு காலை, எதிர் வீட்டு காஸ்தோ ஒரு தோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபத்து மூன்று வயது, ஒல்லி, மீசை. அவர் மனைவி ஒப்துலியா மார்ச் மாதம் இறந்து போயிருந்தாள்.

"ஏம்மா எர்மினியா, உன் வீட்டுக்காரன் இருக்கானா?"

"எங்க போகப்போகுது? உள்ளதான் கெடக்கு. என் ஆப்பக் கரண்டிய வச்சு நிலா பண்ணிட்டிருக்கு."

காஸ்தோ பெட்டியை அன்செல்மோவின் மேசைமேல் வைத்தார். முதலில் ஒரு ஆல்பத்தை எடுத்தார். கல்யாணப் படம். காஸ்தோ கறுப்புக் கோட்டில் நிற்கிறார். பக்கத்தில் வெள்ளை உடுப்பு, பூங்கொத்து, அதற்கு மேலே ஓட்டை. அடுத்த பக்கம் கடற்கரை. நீச்சலுடை, அதற்கு மேலே ஓட்டை. ஆல்பம் முழுக்க இப்படியேதான் இருந்தது.

"எல்லாம் அவ வேல," என்றார். "பூத்தையல் கத்தரியால. கல்யாணத்தன்னிக்குப் படம் புடிக்கறப்ப சரியா தும்மிட்டா. அன்னிக்குப் புடிச்ச வெறுப்பு. யாரு எடுத்தாலும் மூஞ்சிய வெட்டி எடுத்துடுவா."

"அடையாள அட்டையில இருக்குமே டோன் காஸ்தோ?" என்றேன். பெரியவர்களை எங்கள் ஊரில் 'டோன்' சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

"இருக்கு. ஜெயிலுக்குப் போறவ மாதிரி இருக்கேன்னு சொல்லுவா. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கினா. 'அந்தப் படத்த என் கல்லுல ஒட்டினே, எந்திரிச்சு வருவேன்'னா."

விஷயம் இதுதான். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் சுவர் முழுக்க அறை அறையாக அடுக்கியிருக்கும். ஒவ்வோர் அறையின் வாயையும் ஒரு சலவைக்கல் மூடியிருக்கும். கல்லில் பெயர், தேதி, பீங்கானில் சுட்ட முட்டை வடிவப் படம். ஒப்துலியாவுக்கு மேலே ஒரு இறைச்சிக் கடைக்காரர் சிரிக்கிறார், கீழே ஒரு கன்னியாஸ்திரீ முறைக்கிறாள், இரண்டு பக்கமும் படங்கள். இவள் கல் மட்டும் மொட்டையாக நின்றது. நவம்பர் ஒன்றாம் தேதி எல்லாப் புனிதர் திருநாள். அன்றைக்கு ஊரே பூவோடு வரும், பக்கத்துக் கல்லையும் ஒரு நோட்டம் விடும். அதற்குள் ஏதாவது வைக்காவிட்டால் தானே வாங்கி ஒட்டிவிடுவதாகக் காஸ்தோவின் அக்கா லெயோகாதியா சொல்லிவிட்டாளாம். கடையில் பார்த்தும் வைத்துவிட்டாள். வாயில் விரலை வைத்து 'உஸ்' என்கிற தேவதை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒப்துலியாவின் தலைமாட்டில் 'உஸ்' என்கிற தேவதையா? காலை எட்டு மணிக்குத் திறக்கிற வாய், ராத்திரி பத்துக்குத்தான் மூடும்.

"பாத்தியா, உனக்கே சிரிப்பு வருது," என்றார் காஸ்தோ. "ஏழு மாசமா அந்தக் கல்லு முன்னாடி போய் நிக்கறேன். அவ அங்க இருக்கான்னே தோணல. வேற யாரோ வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு. தேவதையையும் ஒட்டிட்டா அப்புறம் நான் அங்க போகவே மாட்டேன்."

அன்செல்மோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான் ஆளுங்கள எடுக்கறதில்லயே, டோன் காஸ்தோ."

"அதனாலதான் உங்கிட்ட வந்தேன். ஆளு இல்ல. சாமான்தான் இருக்கு."

அதற்குப் பிறகு இவன் எப்படி முடியாது என்பான்? பீங்கானில் சுடுகிற பட்டறைக்காரன் இருபதாம் தேதிக்குள் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தான். மேசைமேல் இருந்த என் ஆப்பக் கரண்டி அன்றைக்கே சமையலறைக்குத் திரும்பி வந்துவிட்டது.

பெட்டிக்குள் ஒப்துலியாவின் சாமான்கள் டிஷ்யூ காகிதத்தில் சுற்றியிருந்தன. கறுப்பு லேஸ் விசிறி, வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி, முத்து ஜெபமாலை, ஆமை ஓட்டுச் சீப்பு, வெள்ளிக் கைப்பிடி வைத்த கண்ணாடி. எல்லாம் பளபளவென்று இருந்தன. அன்செல்மோ நான்கு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. விசிறியை அரைவாசி திறந்து நிறுத்தினான், மேலே சீப்பைச் செருகினான், கீழே ஜெபமாலையைச் சுற்றினான். அசல் ஒரு சீமாட்டி திரும்பி நிற்பது போலவே இருந்தது. கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் தெரிந்தது. எனக்கே புல்லரித்தது.

காஸ்தோ படத்தைக் கையில் வாங்கி ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குப்பா."

"அப்ப இதையே குடுத்துடலாமா?"

"அழகா இருக்கு. ஆனா இந்த அம்மா யாரு?"

அன்செல்மோ மறுபடி உள்ளே போய்விட்டான். இந்தத் தடவை கையுறைகளை எடுத்தான். இரண்டையும் மடித்துக் கோர்த்ததில் ஒரு புறா வந்துவிட்டது. ஒரு விரல் அலகு, நான்கு விரல் இறக்கை. காஸ்தோ அதையும் ரொம்ப நேரம் பார்த்தார். பெரியவருக்கு மனம் கேட்கவில்லை, இவன் படுகிற பாட்டை அவரும் பார்க்கிறார் இல்லையா.

"இந்தக் கையுறைய அவ ஒரே ஒரு தடவதான் போட்டா," என்றார் கடைசியில். "என் அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு. கை வேர்க்குதுன்னு கோயில் வாசல்லயே கழட்டி என் பாக்கெட்டுல திணிச்சிட்டா."

பதினாறாம் தேதி ஆகிவிட்டது. அன்செல்மோ சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "எனக்கு வரல எர்மினியா. நான் எதைச் செஞ்சாலும் அது சாமானாத்தான் இருக்கு. பெட்டிய திருப்பிக் குடுத்துடு. தேவதையே ஒட்டிக்கட்டும்."

"உனக்கு வரலன்னா நீயே போய்ச் சொல்லு."

"எனக்கு மூஞ்சி இல்ல."

ஆக, பழி என் தலையில். பெட்டியை ஒரு கையிலும், மதியம் பொரித்த குரோக்கெட்டா உருண்டை ஒரு தட்டு மறு கையிலுமாக எதிர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போய் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நெஞ்சில் தெம்பில்லை. கதவைத் தட்டுவதற்கு முன் பெட்டியைக் கீழே வைத்தேன், முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன், ஏப்ரனை இழுத்து விட்டேன், தட்டைத் துணியால் நன்றாக மூடினேன். அப்புறம்தான் உறைத்தது. நான் எதற்கு இதையெல்லாம் செய்கிறேன்? உள்ளே இருப்பது காஸ்தோ மட்டும். அவர் நான் மொட்டையடித்துக்கொண்டு வந்தாலும் கவனிக்க மாட்டார்.

கதவின் நடுவில், என் கண்ணுக்கு நேரே, ஆள் பார்க்கிற பித்தளை வட்டம். உள்ளேயிருந்து திருப்பினால் பூப்போலக் கீற்றுக் கீற்றாகத் திறக்கும் பழைய காலத்துச் சாமான். இருபத்தாறு வருஷமாக நான் படியேறும்போதெல்லாம் அதில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். என் பையில் எத்தனை ரொட்டி, என் தம்பி எத்தனை மணிக்கு வந்தான், யாரோடு வந்தான், அன்செல்மோ குப்பைத் தொட்டியிலிருந்து எதைப் பொறுக்கி வந்தான் என்று எல்லாம் ஒப்துலியாவுக்குத் தெரியும். கடுப்பில் ஒரு நாள் நான் சூயிங்கத்தை மென்று அதன்மேல் ஒட்டியே விட்டேன். யாரிடமும் சொன்னதில்லை.

தட்டாமலே திரும்பி ஓடிவந்தேன். "அன்செல்மோ, எந்திரி. பெட்டிய விடு. ஸ்க்ரூ டிரைவர எடு."

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. காஸ்தோவிடம், "உங்க கதவுலருந்து ஒரு சாமான் ஒரு நாளைக்கு வேணும்" என்று மட்டும் சொன்னான். அவரும் என்ன ஏது என்று கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் காலை அந்தப் பித்தளையை ஒரு கறுப்புத் துணியின் நடுவில் பதித்து, கீற்றுகளைப் பாதி திறந்து வைத்து எடுத்தான். அவ்வளவுதான், வேறு எதையும் சேர்க்கவில்லை. படம் கழுவி வந்தபோது நான் என்னை அறியாமல் ஏப்ரனை இழுத்து விட்டேன். அது என்னைப் பார்த்தது. அசல் ஒப்துலியா.

அன்று சாயந்திரம் கட்டடமே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. மூன்றாம் மாடி தபால்காரர் பார்த்த உடனே கையில் இருந்த சிகரெட்டைப் பின்னால் மறைத்தார். முதல் மாடி அம்மாள், "ஐயோ, அப்படியே இருக்கா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்தாள். கல்லறைச் சுவரில் இந்தக் கண் இருந்தால் அந்த வரிசையில் ஒரு பயல் பூத் திருட மாட்டான் என்றார் தபால்காரர். அன்செல்மோ ஒயின் பாட்டிலைத் திறந்தான். நான் காஸ்தோவைக் கூட்டி வந்தேன்.

அவர் படத்தைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே வெறும் வெள்ளைக் காகிதம்தான். மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"நல்லா இருக்கு," என்றார். "ஆனா இது உங்க ஒப்துலியா."

"உங்களுது இல்லையா?" என்று கேட்டான் அன்செல்மோ.

"நான் எந்தப் பக்கம் இருந்தேன்னு நினைக்கறே? நாப்பத்தெட்டு வருஷம் அவளோட உள்ள இருந்தேன். இந்தப் பக்கத்த நான் பாத்ததே இல்லப்பா."

தபால்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவினார். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. நாங்கள் படிக்கட்டில் நின்று பார்த்ததையே எடுத்து, அவர் கையில் கொடுத்து, இதுதான் உன் பெண்டாட்டி என்று சொல்லியிருக்கிறோம். இத்தனை பேரில் ஒருத்தருக்காவது அது தோன்றியதா? படம் எடுக்கிறவனுக்குமா எந்தப் பக்கம் என்று தெரியாது?

அன்செல்மோதான் முதலில் பேசினான். ஒயின் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீங்க என்ன பாத்தீங்க, டோன் காஸ்தோ?" என்று கேட்டான். பெட்டி வந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டானே, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

"முதுகு," என்றார் காஸ்தோ. "வேற என்ன? ஏப்ரன் முடிச்சு. பின்னங்கால். அவ குள்ளம், உங்களுக்குத் தெரியும். அந்தப் பித்தளைய மாட்டினவன் ஏதோ நெட்டையன். அதனால எக்கிக்கிட்டுதான் பாப்பா. ஸ்டூல் போட்டுத் தரேன்னா வேணாம்பா. ஸ்டூல நகத்தினா வெளியில கேக்குமாம். நான் சமையக்கட்டு வாசல்ல நிப்பேன். அவ பாத்துப் பாத்து எனக்குச் சொல்லுவா. 'தபால்காரன் மூச்சு வாங்கறான், நெஞ்சுக்கு டாக்டரப் பாக்கச் சொல்லணும்.' 'எர்மினியா கனமான பைய தூக்கிட்டு வரா, அந்தப் படக்காரனுக்கு உதவணும்னு தோணுதா பாரு.' எல்லாம் எனக்குத்தான். நான் ரயில்ல பாதி ஆயுசு சுரங்கத்துக்குள்ளயே இருந்தவன். ஊர்ல என்ன நடக்குதுன்னு அந்த முதுகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

நான் அங்கேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "டோன் காஸ்தோ, அந்தத் தொளையில ஒரு தடவ சூயிங்கம் ஒட்டினது நான்தான்."

"தெரியுமே. சாந்தா கிளாரா பண்டிகை அன்னிக்கு. நீ ஒட்டறப்ப அவ உள்ளருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தா. ஒரு மணி நேரம் சிரிச்சா. அப்புறம் கத்திய வச்சுச் சுரண்டினா."

இருபது வருஷமாக நான் சுமந்த ரகசியம் இவ்வளவுதானா என்று இருந்தது.

அன்செல்மோ எழுந்தான். "அவங்க வீட்டுல கால்ல என்ன போட்டிருப்பாங்க?"

காஸ்தோவின் முகம் சிவந்தது. "அது... பழசு. அதையெல்லாம் நான் பெட்டியில வைக்கல. கல்லறையில வைக்கற படத்துக்கு நல்ல சாமானாத்தானே குடுக்கணும்?"

"இருக்கா, இல்லையா?"

இருந்தது. கட்டிலுக்கு அடியில், அவள் கழற்றிப் போட்ட இடத்திலேயே இருந்தது. கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு, குதிகால் வரை மூடியது, எங்கள் ஊரில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் போடுகிறது. மேல்பக்கம் துணி சாயம் போயிருந்தது. காஸ்தோ கொஞ்சம் கூச்சத்தோடு அதை நீட்டினார். அன்செல்மோ வாங்கித் திருப்பினான்.

முன்பக்க அடிப்பாகம், விரல் ஊன்றுகிற இடம், தேய்ந்து தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. உள்ளே அவள் வைத்துத் தைத்த ஒட்டுத்துணி என் கடைத் துணிதான். பின்பக்கம் குதிகால் மட்டும் கடையில் வாங்கின மாதிரி இருந்தது. ரப்பரில் வார்த்த எண்கூட அழியவில்லை, முப்பத்தைந்து என்று தெளிவாகப் படிக்க முடிந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். அவள் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

"இத மேசைமேல வச்சு எடுக்க முடியாது," என்றான் அன்செல்மோ. "அவங்க நின்ன இடத்துலதான் எடுக்கணும்." இருபத்தாறு வருஷத்தில் அவன் அந்த மேசையை விட்டு வெளியே போய்ப் படம் எடுத்ததே இல்லை.

பதினெட்டாம் தேதி காலை பித்தளையைக் கதவில் பழையபடி மாட்டினோம். நடைவழி இருட்டு. ஆனால் பத்து மணிக்குச் சமையலறை ஜன்னல் வெளிச்சம் நீளமாக வந்து கதவின் அடியைத் தொடும் என்றார் காஸ்தோ. அதுவரை செருப்பை நிறுத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. காலில்லாத செருப்பை எக்கி நிற்க வைப்பது லேசுப்பட்ட காரியமா? உள்ளே கம்பளி நூலைத் திணித்தேன். சரிந்தது. கடைக்கு ஓடி, இடுப்புக் கச்சைக்கு வைத்துத் தைக்கிற எஃகுப் பட்டையில் எட்டு எடுத்து வந்தேன். வளைத்து, குதிகாலிலிருந்து விரல் வரை உள்ளே கொடுத்து, நூலால் இறுக்கினேன். நின்றது. முன்விரலில் ஊன்றி, குதிகால் இரண்டும் அந்தரத்தில்.

கேமராவைச் சமையலறை வாசலில், காஸ்தோ நின்ற இடத்தில் வைத்தான் அன்செல்மோ. அவனே முட்டி போட்டு, கண்ணை வைத்து, நகர்ந்து, "நீங்க வந்து பாருங்க" என்றான். காஸ்தோ குனிந்து பார்த்தார்.

"இல்ல. இதுல சும்மா நிக்கறா. இவ்வளவு ஒழுங்கா நிக்க மாட்டா."

"எப்படி நிப்பாங்க?"

"பாரம் முழுக்க இடது கால்ல இருக்கும். வலது கால் கொஞ்சம் கொஞ்சமா எந்திரிக்கும். விஷயம் சுவாரசியமா இருந்தா தரையிலயே படாது."

"என்ன மாதிரி விஷயம்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உன் தம்பி அந்த டான்ஸ்காரியோட வந்தான் பாரு, அன்னிக்கு ஒத்தக் கால்லயே நின்னா."

அன்செல்மோ கேமராவுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிக்கட்டும். நான் வலது செருப்பைக் கையில் எடுத்து, ஒரு பட்டையைக் கூடுதலாகக் கொடுத்து, இடது செருப்போடு கண்ணுக்குத் தெரியாத ஒரு நைலான் நூலில் கட்டினேன். வலது விரல்நுனி தரையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பியது. காஸ்தோ மறுபடி குனிந்தார். இந்தத் தடவை நிமிரவில்லை. முதுகு வலிக்குமே என்று நான் பயப்படும் அளவுக்கு அப்படியே இருந்தார்.

"ஆங்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெளிச்சம் கதவைத் தொட்டது, அன்செல்மோ எடுத்தான். வழக்கப்படி உடனே எல்லாவற்றையும் பிரிக்கக் கையை நீட்டினவனைக் காஸ்தோ தடுத்தார். "இரு. ஒரு காபி குடிச்சிட்டுப் பிரிக்கலாம்." நாங்கள் மூன்று பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து காபி குடித்தோம். நடைவழியில் அவள் எக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு அது கொஞ்சம்கூட வினோதமாகத் தெரியவில்லை.

இருபதாம் தேதி படம் பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரன் தொலைபேசியில், "கல்லறைக்குச் செருப்பா? தப்பா எதையாவது அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டான். சரியாகத்தான் அனுப்பியிருக்கிறோம் என்றேன்.

நவம்பர் ஒன்றாம் தேதி நல்ல வெயில். கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லார் கையிலும் சாமந்தி, வாளி, துடைக்கிற துணி. ஒப்துலியாவின் கல் அன்செல்மோவின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. வெள்ளைக் கல்லின் நடுவில் முட்டை வடிவப் பீங்கான். அதற்குள் ஒரு கதவின் அடிப்பகுதி, ஒரு பட்டை வெளிச்சம், எக்கி நிற்கிற கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி.

லெயோகாதியா கறுப்பு உடுப்பில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"செருப்பு," என்றாள். "என் தம்பி பொண்டாட்டி கல்லுல செருப்பு. அதுவும் கிழிஞ்ச செருப்பு. ஊரே பாக்குது காஸ்தோ. எனக்குத் தலைகாட்ட முடியுமா இங்க? இதுக்கு அந்தத் தேவதையே தேவலாம்னு சொன்னேனா இல்லையா?"

நான் இரண்டு வார்த்தை கொடுக்கலாம் என்று வாயெடுத்தேன், அன்செல்மோ என் கையை அழுத்தினான். மேலே இருந்த இறைச்சிக் கடைக்காரரின் கல்லைத் துடைக்க வந்த ஓர் அம்மாள், யாரோ எவரோ, வாளியை வைத்துவிட்டு எங்கள் கல்லைக் குனிந்து பார்த்தாள்.

"இந்தம்மா எக்கிக்கிட்டு என்ன பாக்கறாங்க?" என்று கேட்டாள்.

அவளுக்கு அங்கே ஒரு அம்மா தெரிந்தாள். படத்தில் ஆளே இல்லை. ஒப்துலியாவை அவள் பார்த்ததும் இல்லை. அன்செல்மோ என் கையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். அவனுக்குக் கண்காட்சியில் யாரும் அப்படி ஒரு பாராட்டுக் கொடுத்ததில்லை.

காஸ்தோ தொப்பியைக் கழற்றினார். "அந்தப் பக்கம் யாரு புதுசா வந்திருக்காங்கன்னு பாக்கறா," என்றார். "பாத்துட்டு எனக்குச் சொல்லுவா."

அந்த அம்மாள் தலையாட்டினாள். "சொல்லட்டும். எங்க வீட்டுக்காரர் மேல் அறையிலதான் இருக்காரு. கொழுப்பு திங்காம இருக்காரான்னு பாக்கச் சொல்லுங்க." வாளியைத் தூக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

லெயோகாதியா கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள், படத்துக்கு வெகு கிட்டே போனாள். "வலது கால் தரையில படல," என்றாள்.

"படாது," என்றார் காஸ்தோ.

"நான் உங்க வீட்டுக்கு வரப்ப எல்லாம் இப்படித்தான் நின்னாளா?"

"உனக்கு ரெண்டு காலும் தரையிலதான். உன் விஷயம் அவளுக்கு எல்லாம் தெரிஞ்சதுதானே."

லெயோகாதியா என்ன நினைத்தாளோ, கொண்டுவந்த சாமந்தியைப் படத்தை மறைக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தாள். நாங்களும் எங்கள் பூவை வைத்தோம். கூட்டம் நெருக்கியது, எல்லாரும் நடையைக் கட்டினோம். கொஞ்ச தூரம் போன பிறகுதான் காஸ்தோ கூட வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன்.

அவர் கல்லுக்குக் கிட்டே போகவில்லை. மற்றவர்கள் எல்லாரும் கல்லைத் தொட்டு, துடைத்து, முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு எட்டு தள்ளி நின்றார். அவர்கள் வீட்டில் கதவுக்கும் சமையலறை வாசலுக்கும் அவ்வளவு தூரம்தான். ஜனங்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள், அவர் நகரவில்லை.

"போதும் ஒப்துலியா, வா," என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "சூப்பு ஆறிப்போகுது."